டப்பா வண்டி – 17. மழுங்கிய மூலை

நம் மருமகள் திங்கட்கிழமை சாயங்காலம் வீடு திரும்பிவிட்டாள். வெறுங்கையோடு வரவில்லை. வெளியூரில் அறுபது இளவட்டங்களுக்கு வண்டியின் படங்களைக் காட்டி, நாற்பத்து மூன்று பேரிடம் ‘இதுதான் வேண்டும்’ என்று எழுதி வாங்கிய காகிதக் கட்டோடு வந்தாள். அதைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தபோது கணவன் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. களைப்பாக இருப்பாய், போய்ப் படு என்றான். ஏற்கெனவே அவன்மேல் மூட்டை மூட்டையாக இருந்த வருத்தத்தில் இதையும் ஒன்றாகப் போட்டுவிட்டு அவளும் படுத்துவிட்டாள்.

நடுவில் வந்து உட்கார்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. அந்த வீட்டில் நாலு பேர். மருமகள் கார் வரைகிறவள். அவள் வரைந்ததை முழு அளவில் களிமண்ணில் செதுக்குகிறவர் மாமனார். அந்த வடிவத்தை இரும்புத் தகட்டில் அழுத்தி எடுக்க அச்சு செய்யும் பிரிவுக்குத் தலைவன் கணவன். மூவருக்கும் ஒரே கம்பெனி, ஒரே வாசல், வீட்டுக்கு வந்தால் ஒரே சாப்பாட்டு மேஜை. இப்படி ஒரு குடும்பத்தில் சண்டை வராவிட்டால்தான் ஆச்சரியம்.

நாலாவது ஆள் நாத்தனார். வயது இருபத்து நாலு. வீடு வீடாகப் போய் நாய்களைக் குளிப்பாட்டுவது தொழில். குளிப்பாட்டும் தொட்டியைப் பழைய கார் ஒன்றின் பின்சீட்டில் சாய்த்து வைத்து, திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறவள். மருமகள் நாலு மாதம் அவளோடு அந்தக் காரில் சுற்றினாள். அவளுடைய சிநேகிதர்களோடும் சுற்றினாள். வருஷத்துக்கு இரண்டு தடவை வாடகை அறை மாறுகிற பிள்ளைகள். மெத்தையைக் கூரைமேல் கட்டிக்கொண்டு மழையில் போகிற பிள்ளைகள்.

அந்தச் சுற்றலில் பிறந்ததுதான் டப்பா. நேராக நிற்கும் முன்கண்ணாடி, தட்டைக் கூரை, சுவர் மாதிரி செங்குத்தாக இறங்கும் பின்பக்கம். கம்பெனி இன்னும் பெயர் வைக்கவில்லை. வண்டிகளை வரைந்து செதுக்கும் ஸ்டூடியோவில் அதை டப்பா என்றும் அவளை டப்பாக்காரி என்றும் கூப்பிட ஆரம்பித்தார்கள். முதலில் கேலி. நாலு வருஷத்தில் கேலி போய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குக் கம்பெனி இயக்குநர் வந்து டப்பாவைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டால் அந்த வடிவம்தான் வண்டி. அதற்கப்புறம் ஆண்டவனே வந்து கேட்டாலும் ஒரு நூலிழை மாற்ற முடியாது.

காலையில் மாமனார் மருமகளின் தட்டில் தானே ரொட்டியை எடுத்து வைத்தார். வெண்ணெய்கூடத் தடவினார். அவள் மருமகளாக வந்த ஏழு வருஷத்தில் அவர் செய்யாத காரியம். பாவம், பதற்றமாக இருப்பாள் என்று நினைத்திருக்கிறார் போல என்று அவளுக்கு மனசு இளகிப்போனது. கணவன் அதற்கு முன்பே கிளம்பிப் போயிருந்தான்.

ஸ்டூடியோவில் டப்பா பழுப்பு நிறத்தில் மொட்டையாக நின்றது. மெழுகும் கந்தகமும் கலந்த களிமண்ணின் வாடை. மதியத்துக்குள் அதன்மேல் வெள்ளி நிற மெல்லிய தாளை இழுத்து ஒட்டிவிடுவார்கள். ஒட்டிய பிறகு தூரத்திலிருந்து பார்த்தால் நிஜ வண்டி என்று சத்தியம் செய்யலாம்.

அவள் பையை வைத்துவிட்டு, வழக்கம்போல முதலில் உள்ளங்கையை வைத்தாள். இந்தத் தொழிலில் கண்ணால் பார்ப்பதைவிடக் கையால் தடவிப் பார்ப்பது அதிகம். முன்கண்ணாடி ஓரத்திலிருந்து கூரையோடு தடவிக்கொண்டே நடந்தாள். பின்மூலைக்கு வந்ததும் கை டக்கென்று நின்று கீழே திரும்ப வேண்டும். திரும்பவில்லை. வழுக்கிக்கொண்டு இறங்கியது.

மறுபடி தடவினாள். மறுபடியும் வழுக்கியது. அந்தப் பக்கம் ஓடிப்போய் இன்னொரு மூலையைத் தொட்டாள். அதுவும் அதேதான். வெள்ளிக்கிழமை அவள் ரயிலேறும்போது மேஜை விளிம்பு மாதிரி இருந்த இரண்டு மூலைகளும் இப்போது ஒரு வாரம் தேய்த்த சோப்புக் கட்டி மாதிரி இருந்தன.

சுவரில் அளவுப் பலகைகள் தொங்கும். கூரையின் வடிவத்துக்குச் சரியாக அறுத்த மரப்பலகைகள். பின்மூலைக்கு உள்ளதை எடுத்து வந்து வைத்துப் பார்த்தாள். பலகைக்கும் களிமண்ணுக்கும் நடுவில் இரண்டு விரல் தாராளமாகப் போனது. இரண்டு விரல்தானே என்று நீங்கள் கேட்கலாம். பின்கதவின் மேல்பக்கம் இரண்டு ஓரத்திலும் இரண்டு இரண்டு விரல் போய்விட்டால் நாத்தனாரின் தொட்டி வாசலிலேயே முட்டிக்கொண்டு நிற்கும். மெத்தையும் அப்படித்தான். நாலு வருஷ வேலையை இரண்டு விரலில் முடித்திருந்தார்கள்.

யார் என்று தேட வேண்டிய அவசியமே இல்லை. அந்த வண்டியின் கூரையில் கை வைக்கிறவர் ஸ்டூடியோவில் ஒரே ஒருவர்தான். அவர் வெள்ளித் தாள் சுருளைத் தோளில் சாய்த்துக்கொண்டு உள்ளே வந்தார்.

மூலை மாறியிருக்கிறதே மாமா என்று கேட்டாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. விளக்கை மாற்றிவிட்டார்கள், அதனால் அப்படித் தெரிகிறது என்றார். அவள் பலகையை வைத்துக் காட்டினாள். சனி ஞாயிறு ஏசியை நிறுத்திவிடுகிறார்கள், வெக்கையில் களிமண் இளகிச் சரிந்திருக்கும் என்றார்.

“ரெண்டு பக்கமும் ஒரே அளவுக்கா மாமா சரியும்?”

அவர் சுருளைத் தோளிலிருந்து இறக்கினார். சூடாக்கிய களிமண்ணை இப்போதே அப்பினால் சரியாகிவிடும் என்று அவள் அடுப்புப் பக்கம் போனாள். இப்போது அப்பினால் மூன்று மணிக்குள் இறுகாது, தாள் ஒட்டாது என்று சொல்லிவிட்டு அவர் தன் ஆட்களைக் கூப்பிட்டார். அவர்கள் அவளையும் பார்த்தார்கள், அவரையும் பார்த்தார்கள். முப்பத்திரண்டு வருஷம் அங்கே களிமண்ணோடு கிடந்தவர் அவர். தாளைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அவளுக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை எரிந்தது. வண்டி அவளுடையது, ஆனால் அந்தக் கூடத்தில் பேச்சு செல்லுபடியாவது அவருக்கு. காலையில் வெண்ணெய் தடவிய கை. அந்த ரொட்டியை இப்போதே துப்பிவிடலாம் போல இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு நாத்தனார் போன் செய்தாள். இரண்டு நாய்களுக்கு நடுவில் கிடைத்த பத்து நிமிஷம். இயக்குநர் வந்தாச்சா, கையெழுத்தாச்சா, தன் தொட்டிக்கு விடிவுகாலம் பிறந்ததா என்று வரிசையாகக் கேட்டாள். அண்ணியின் குரல் சரியில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினாள். யாரோ மூலையைச் சீவிவிட்டார்கள் என்று மட்டும் மருமகள் சொன்னாள். நாத்தனார் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அண்ணி, ஞாயித்துக்கிழமை அண்ணன்தான் அப்பாவைக் கூட்டிட்டு ஸ்டூடியோவுக்குப் போனான். அண்ணிக்கு ஒரு உதவின்னு சொன்னான். சாயங்காலம் திரும்பி வந்தாங்க. ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கல. அப்பா சாப்பிடவே இல்ல.”

அது வரைக்கும் மருமகள் தன் கோபத்தை மாமனார்மேல் இறக்கி வைத்திருந்தாள். பெட்டி செய்வதற்கு நான் எதற்கு, ஒரு தச்சன் போதாதா என்று மனிதர் நாலு வருஷமாக முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தார். கை அரித்திருக்கும், செய்துவிட்டார் என்று நினைத்தாள். இப்போது அந்தக் கோபம் அப்படியே எழுந்து கட்டிடம் தாண்டிப் போனது.

அச்சுக்கூடம் பக்கத்துக் கட்டிடம். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு போக வேண்டிய இடம். அவள் வைத்துக்கொள்ளவில்லை. கணவனின் கண்ணாடி அறைக்கு இரும்புப் படியேறிப் போக வேண்டும். பாதிப் படியில் தற்செயலாகக் கீழே பார்த்தவள் நின்றுவிட்டாள்.

இயந்திரத்தின் அடியில், ஒரு கட்டில் அளவுக்கு இரும்புக் கட்டி. அதைக் குடைந்துகொண்டிருந்தார்கள். குடைந்த இடத்தில் ஒரு மூலை பாதிக்குமேல் உருவாகியிருந்தது. தலைகீழாக, உள்பக்கமாக. ஆனாலும் அவளுக்குத் தெரிந்தது. காலையில் உள்ளங்கையில் வழுக்கிய அதே வளைவு.

இறங்கிப் போய்ப் பார்த்தாள். கட்டியில் கம்பியால் ஒரு அட்டை கட்டியிருந்தது. டப்பாவின் கூரை, பின்பகுதி. வேலை தொடங்கிய தேதியும் இருந்தது. எண்ணிப் பார்த்தாள். இருபத்திரண்டு நாள்.

அதாவது, அவள் அந்த மூலையைக் காட்டி அறுபது பேரிடம் கருத்துக் கேட்பதற்கு முன்பே, இயக்குநர் பார்ப்பதற்கு முன்பே, வேறொரு மூலைக்கு அச்சு வெட்ட ஆரம்பித்துவிட்டான். இந்த இருபத்திரண்டு நாளும் அவள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டான். வேலை எப்படிப் போகிறது என்று அவள் கேட்டபோதெல்லாம், போகிறது என்றான்.

அவள் மறுபடி படியேறிப் போனபோது, அவன் அவளைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்து வைத்திருந்தான். உட்காரச் சொன்னான். அவள் உட்காரவில்லை.

அவன் சொன்னது இதுதான். அவ்வளவு கூரான மூலையில் தகடு கிழியும். நூறு தடவை சொன்னான், அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கூரையை இரண்டு துண்டாகச் செய்து இணைக்கலாமே என்று அவள் அதே நூறு தடவை சொல்லியிருக்கிறாள். அதற்கு ஏழு வாரம் கூடுதலாகும். அந்த ஏழு வாரம் அவன் தலைமேல் விழும். தாமதமான ஒவ்வொரு வண்டிக்கும் அச்சுப் பிரிவைத்தான் கூண்டில் ஏற்றுகிறார்கள். அதனால் முன்கூட்டியே ஆரம்பித்தான். கையெழுத்து வருவதற்குள் மூலையைப் பற்றி ஒரு முடிவு வந்துவிடும் என்று கணக்குப் போட்டான்.

“எந்த முடிவு?” என்று கேட்டாள்.

“எப்படியும் நீ ஒத்துக்குவேன்னு நினைச்சேன்.”

நாலு வருஷச் சண்டை, நூறு தடவை வாக்குவாதம், எல்லாம் கடைசியில் இந்த ஒரு வரிதான். அவள் பேசியதை அவன் பேச்சாகவே எடுத்துக்கொள்ளவில்லை. மழை கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும் என்று ஒதுங்கி நிற்கிறவன் மாதிரி நின்றிருக்கிறான். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அச்சு பாதிக்குமேல் வெட்டியாகிவிட்டது. இரும்பை மாற்ற முடியாது, களிமண்ணை மாற்றலாம். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

மாமாவிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன் என்றான். அச்சும் களிமண்ணும் ஒத்துப்போகவில்லை என்று தெரிந்தால் என் வேலை போய்விடும் என்று சொன்னேன். அவர் முதலில் முடியாது என்றார். அப்புறம் செய்தார்.

“மூணு மணிக்கு நீ வாயைத் திறக்காம இருந்தா போதும். எல்லாம் சரியாயிடும். உன் நல்லதுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.”

“என் நல்லதுன்னு இன்னொரு தடவை சொன்னா, கீழே இருக்கிற அந்த அட்டையைக் கழட்டிட்டு நேரா இயக்குநர் ரூமுக்குப் போவேன்.”

அவன் வாயை மூடிக்கொண்டான். அவளும் அட்டையைக் கழற்றவில்லை. ஏன் கழற்றவில்லை என்று திரும்பி நடக்கும்போது தன்னையே திட்டிக்கொண்டாள். வீடு, நாத்தனார், ஓய்வுக்கு இரண்டே வருஷம் பாக்கியிருக்கும் மாமனார் என்று ஒவ்வொன்றாகக் காலைப் பிடித்தது. பேசினால் இவ்வளவும் போகும். பேசாவிட்டால் வண்டி போகும். சாப்பாட்டைத் தொடாமல் மூன்று மணி வரைக்கும் இதே இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இயக்குநர் ஒரு பெண்மணி. அதிகம் பேசமாட்டார். பேசினால் அந்த மாதம் முழுக்கக் கம்பெனியில் அதே பேச்சாக இருக்கும். வெள்ளித் தாள் போர்த்திய டப்பாவைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். நாற்பத்து மூன்று காகிதங்களையும் புரட்டினார். தன் இடமாறுதலுக்கு மெத்தை போகுமா என்று ஒரு நர்ஸ் பெண் எழுதியிருந்ததைப் படித்துச் சிரித்தார். அப்புறம் பின்பக்கம் போய் அந்த மூலையில் கையை வைத்தார்.

பத்தடி தள்ளி மாமனாரும் கணவனும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

இளசுகளுக்கான வண்டி என்றதும் எல்லாரையும் முறைத்துப் பார்க்கிற மாதிரி இருக்குமோ என்று தனக்கு ஒரு பயம் இருந்ததாக இயக்குநர் சொன்னார். கையை எடுக்காமலே திரும்பினார்.

“இந்த மூலைதான் வண்டிக்கு ஒரு சாந்தத்தைக் கொடுத்திருக்கு. யார் யோசனை?”

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். என்னுடையதுதான் என்று ஒரு வார்த்தை போதும். கையெழுத்து விழும். வேலை போகாது, வீடு உடையாது, வண்டி அவள் பெயரில் சாலைக்கு வரும். அவள் ஏறிட்டுக் கணவனைப் பார்த்தாள். அவன் தலையாட்டினான். உப்பு போதுமா என்று கேட்டால் வீட்டில் ஆட்டுவானே, அப்படி. சரி, சொல்லிவிடு என்பதுபோல.

அந்தத் தலையாட்டல் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் அவள் சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பாள்.

“என்னோடது இல்ல மேடம். நான் வரைஞ்சது வேற.”

சுவரிலிருந்து பலகையை எடுத்து வந்து மூலையில் வைத்தாள். வெள்ளித் தாளில் இடைவெளி இன்னும் பளிச்சென்று தெரிந்தது. அந்த நாற்பத்து மூன்று பேரும் பார்த்தது இந்த வண்டியை இல்லை, இந்தப் பலகையில் இருக்கிற வண்டியை என்றாள். இந்தக் கதவில் அந்த நர்ஸின் மெத்தை போகாது. அவர்கள் கையெழுத்தை வைத்துக்கொண்டு இதற்குக் கையெழுத்துக் கேட்டால் அது பித்தலாட்டம் என்றாள்.

இயக்குநர் பலகையைப் பார்த்தார். மூலையைப் பார்த்தார். முகத்திலிருந்த சாந்தம் போய்விட்டது. தனக்குக் காட்ட வைத்த வண்டியில் தனக்குத் தெரியாமல் கை வைத்தது யார் என்று, குரலை உயர்த்தாமல் கேட்டார்.

“நான்தான்.”

மாமனார் ஒரு எட்டு முன்னால் வந்தார். தனக்கு அந்த மூலை பிடிக்கவில்லை, தோன்றியது, சீவிவிட்டேன் என்றார். யாரும் செய்யச் சொல்லவில்லையா என்று இயக்குநர் கேட்டார். யாரும் சொல்லவில்லை, யாருக்கும் தெரியாது, இது என் ஒருவனுடைய திமிர் என்றார். ஒப்பித்தவர் மாதிரி இருந்தது. ஒருவேளை ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே ஒப்பித்துக்கொண்டிருந்தாரோ என்னவோ.

விசாரணை முடிகிற வரைக்கும் வர வேண்டாம், அடையாள அட்டையை வாசலில் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார் இயக்குநர். மாமனார் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றினார். கழற்றும்போது அதன் கயிறு காதில் மாட்டிக்கொண்டது. விடுவித்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் பக்கத்தில் நின்ற மகன் கூரை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மருமகள் அவனுக்காகக் காத்திருந்தாள். இப்போது வாயைத் திறப்பான், இதோ திறப்பான் என்று நிஜமாகவே காத்திருந்தாள். மூலையைச் சீவ வைத்ததற்குக்கூட ஒரு காரணம் வைத்திருந்தான். இதற்கு என்ன காரணம் வைத்திருக்கிறான்? மாமனார் அட்டையின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு இரண்டடி நடந்தார். மூன்றாவது அடி வைத்தார். அவன் விளக்கை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இப்படி ஒரு ஆளோடா ஏழு வருஷம் இருந்தேன் என்று அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

“மாமா வண்டியைத் தொட்டது முந்தாநாள்தான் மேடம். இந்த வளைவுக்கு அச்சு வெட்ட ஆரம்பிச்சு இன்னியோட இருபத்திரண்டு நாள் ஆகுது.”

இயக்குநர் மெதுவாகக் கணவன் பக்கம் திரும்பினார்.

“எந்த அச்சு?”

கணவனின் வாய் திறந்தது. ஆனால் மருமகள் அவனைப் பார்க்கவில்லை. நடந்துகொண்டிருந்த மாமனார் நின்று, திரும்பி, அவள் எதிரில் வந்துவிட்டார். ஏழு வருஷத்தில் ஒருநாள்கூட அவளிடம் கடிந்து பேசாதவர். அட்டையின் கயிறு அவர் கைமுட்டியில் இறுகிக்கிடந்தது.

“நான்தான் செஞ்சேன்னு சொல்லிட்டேனேம்மா. அதோட முடிஞ்சிருக்குமே. உன்னை யார் கேட்டா?”